முதுகு அறுவை சிகிச்சைக்கு முந்தைய மூன்று வாரங்கள்: வலியோடு வீட்டை நடத்தும் ஒரு தாய்க்கு

கேள்வி: எனக்கு வயது 36. எல்4-எல்5 ஜவ்வு (இடுப்புப் பகுதியில் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருப்பது) பிதுங்கியதால் எட்டு மாதமாக இடது காலில் கடுமையான வலி. மாத்திரை, இயன்முறை சிகிச்சை, முதுகில் ஓர் ஊசி என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் அறுவை சிகிச்சை. வீட்டில் கணவர், மாமியார், 9 வயது மகன், 4 வயது மகள். வெளியே காயம் எதுவும் தெரியாததால் என் வலியை யாரும் முழுதாக நம்புவதில்லை. மகள் தூக்கச் சொல்லி அழுகிறாள். இந்த நாட்களை எப்படிச் சமாளிப்பது? அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டது சரிதானா என்றும் சந்தேகமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் 22 ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சையாளராக இருக்கிறேன். முதுகு அறுவை சிகிச்சை முடிந்தவர்களை முதல் நாள் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்க வைப்பது என் அன்றாட வேலை. என் மகன் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எனக்கே எல்5-எஸ்1 பகுதியில், அதாவது உங்களுடையதற்கு அடுத்த கீழ் ஜவ்வில், அதே அறுவை சிகிச்சை நடந்தது. அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

உங்கள் சந்தேகத்திலிருந்து தொடங்குகிறேன். ஜவ்வு பிதுங்கி வரும் கால்வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் தானாகவே குறைந்துவிடும். அதனால்தான் எந்த நல்ல மருத்துவரும் எடுத்தவுடன் கத்தியைத் தொடமாட்டார். 2007-ல் நெதர்லாந்தில் 283 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிட்டார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வலித்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கோ எட்டு மாதம். நான்கு முதல் பன்னிரண்டு மாதம் வரை வலியோடு இருந்த 128 பேரைப் பற்றிய கனடா ஆய்வு 2020-ல் வெளிவந்தது. அதில் ஆறு மாத முடிவில், அறுவை செய்துகொண்டவர்களின் கால்வலி பத்துக்கு 2.8 என்ற அளவில் இருந்தது. அறுவை இல்லாமல் சிகிச்சை பெற்றவர்களுக்கு 5.2. உங்கள் மருத்துவர் சொன்னதும் நீங்கள் ஒப்புக்கொண்டதும் அவசரம் அல்ல. அந்தச் சந்தேகத்தை இத்தோடு இறக்கி வைத்துவிடுங்கள். தூங்க வேண்டிய நேரத்தை அது தின்றுகொண்டிருக்கும்.

இனி வீடு.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம் நான் செய்ததை முதலில் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்யாமல் இருப்பதற்காக. நான் இல்லாதபோது வீடு தவிக்கக் கூடாது என்று நான்கு நாள் ஓயாமல் வேலை செய்தேன். இட்லிப் பொடி இடித்தேன், புளிக்காய்ச்சல் செய்தேன், திரைச்சீலைகளைத் துவைத்தேன், மகனின் சீருடை ஐந்தையும் இஸ்திரி போட்டு அடுக்கினேன். கால் நெருப்பாக எரிய எரியத்தான் மருத்துவமனைக்குப் போனேன். திரும்பி வந்தபோது பொடி தீர்ந்திருந்தது. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பால் கணக்கு எங்கே, மகனின் காய்ச்சல் மருந்து எந்தப் பெட்டியில், கேஸ் எப்படிப் பதிவு செய்வது என்று எல்லாக் கேள்வியும் என் கட்டிலுக்கே வந்தன. நான் சாமான்களைத்தான் சேமித்து வைத்திருந்தேன், பொறுப்பை யாரிடமும் கொடுத்துவைக்கவில்லை.

உங்களுக்கு இருக்கும் இந்த மூன்று வாரம் சமைத்து அடுக்குவதற்கானது அல்ல. கை மாற்றுவதற்கானது. நீங்கள் வீட்டிலேயே இருந்து, கேட்டால் பதில் சொல்லும் நிலையில் இருக்கும்போதே மற்றவர்கள் தடுமாறிக் கற்றுக்கொள்ள வேண்டும். இப்போது ஒருநாள் சாதம் குழைந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. தையலோடு நீங்கள் படுத்திருக்கும் நாளில் குழைந்தால் எழுந்து போய்விடுவீர்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. “கொஞ்சம் உதவி செய்யுங்கள்” என்று கேட்டால், வேலை உங்களுடையதாகவே இருக்கும். மற்றவர் கை மட்டும் கொடுப்பார், நினைவு வைத்துக்கொள்வது நீங்கள்தான். மகனின் மதிய உணவை எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் அடைப்பது மட்டும் அதில் வேலை இல்லை. நாளை என்ன என்று முடிவு செய்வது, காய் இருக்கிறதா என்று பார்ப்பது, இரவே நறுக்கி வைப்பது, திரும்பி வந்த டப்பாவைக் கழுவுவது எல்லாம் சேர்ந்ததுதான் ‘மதிய உணவு’. அதை முழுதாக உங்கள் கணவரிடம் கொடுங்கள். கொடுத்த பிறகு சமையலறை வாசலில் நின்று திருத்தாதீர்கள். அவர் தினமும் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக் கொடுத்தால் உங்கள் மகன் அதைச் சாப்பிட்டு வளர்ந்துவிடுவான். முதல் வாரம் இரண்டு பொறுப்புகள், அடுத்த வாரம் இன்னும் இரண்டு, மூன்றாவது வாரத்தில் ஏதாவது மூன்று நாள் நீங்கள் வீட்டில் இல்லை என்று வைத்துக்கொண்டு முழு ஒத்திகை. அந்த ஒத்திகையில் எது நின்றுபோகிறதோ அதுதான் நீங்கள் மறந்த வேலை.

அவர்கள் நம்பவே இல்லையே, பிறகு எப்படிப் பொறுப்பை எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்பீர்கள். அந்த நம்பாமை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். என்னிடம் வரும் குடும்பங்களில் மோசமான மனம் உள்ளவர்கள் குறைவு. அவர்கள் பார்ப்பது உங்கள் நல்ல நாட்களைத்தான். நீண்ட நாள் வலி உள்ள ஏறக்குறைய எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள். வலி குறைவாக இருக்கும் நாளில் தேங்கிய வேலை அத்தனையையும் செய்து முடிக்கிறார்கள். அடுத்த மூன்று நாள் படுக்கை. வீட்டில் உள்ளவர்கள் கண்ணுக்கு, செவ்வாய்க்கிழமை வீட்டையே கழுவிவிட்டவள் புதன்கிழமை தண்ணீர் கேட்கிறாள். அவர்களுக்குப் புரியாமல் போவதில் வியப்பில்லை. நல்ல நாள்தான் உங்கள் உடம்புக்கும் ஆபத்தான நாள், உங்கள் சொல்லின் மதிப்புக்கும் ஆபத்தான நாள்.

இதற்கு வலி சிகிச்சையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் வழி ஒன்று உண்டு. வலியைப் பார்த்து வேலையை நிறுத்தாமல், கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது. மூன்று நாள் கவனியுங்கள். நின்று வேலை செய்தால் எத்தனை நிமிடத்தில் கால்வலி ஏறத் தொடங்குகிறது? 20 நிமிடம் என்றால் உங்கள் அளவு 15. பதினைந்து நிமிடம் ஆனதும் அடுப்பை அணைத்துவிட்டுப் படுங்கள், பத்து நிமிடம் கழித்து எழுந்திருங்கள். மோசமான நாளிலும் இதே அளவு, நல்ல நாளிலும் இதே அளவு. நல்ல நாளில் இதைக் கடைப்பிடிப்பதுதான் கடினம். ஒரு வாரம் செய்து பாருங்கள். ஏற்ற இறக்கம் குறையும். உங்கள் கணவருக்கும் ஒரு ஒழுங்கு கண்ணில் படும். ‘நினைத்தால் படுக்கிறாள்’ என்பது ‘பதினைந்து நிமிடம் ஆனால் படுக்க வேண்டும்’ என்று மாறும்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் காட்டி நம்ப வைக்கலாம் என்று பலர் முயல்வதுண்டு. அது திரும்பித் தாக்கும். வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் 20 வயதினரிலேயே சுமார் 30 விழுக்காட்டினருக்கு ஜவ்வு வீங்கியிருப்பது தெரிகிறது, 80 வயதில் அது 84 விழுக்காடு. “என் நண்பனுக்கும் இதே ரிப்போர்ட், அவன் வண்டி ஓட்டுகிறானே” என்று உங்கள் கணவர் சொன்னால் அவர் சொல்வது பொய்யாக இருக்காது. படம் ஜவ்வைக் காட்டும், வலியைக் காட்டாது. அதே இடத்தில் பிதுங்கியது ஒருவருக்கு நரம்பு வேரைத் தொடாமல் நிற்கும், இன்னொருவருக்கு அதை நசுக்கி, சுற்றிலும் அழற்சியையும் உண்டாக்கும். மாதக்கணக்கில் சீண்டப்பட்ட நரம்பு, சிறு தொடுதலுக்கும் பெரிதாகக் கூச்சலிடும் நிலைக்குப் போய்விடும். உங்கள் வலி எல்லோருக்கும் தெரியாததற்குக் காரணம் அது நடக்கும் இடம் முதுகெலும்புக்குள் இருப்பதுதான்.

அறிக்கையைக் காட்டுவதைவிட, அறுவைக்கு முந்தைய சந்திப்புக்குக் கணவரை உள்ளே அழைத்துப் போங்கள். வெளியே வரிசையில் உட்கார வைக்காதீர்கள். “நான் என்னென்ன வேலை எத்தனை நாள் செய்யக் கூடாது என்று இவரிடமே சொல்லுங்கள் டாக்டர்” என்று கேளுங்கள். நீங்கள் எட்டு மாதம் சொன்னது எடுபடாமல் போயிருக்கலாம். மருத்துவர் இரண்டு நிமிடம் சொன்னது எடுபடும். இது எனக்கு வருத்தம் தரும் உண்மை. ஆனால் உங்களுக்கு இப்போது தேவை ஆள்பலம். அந்த நியாயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மாமியாரை நினைத்துப் பார்க்கிறேன். “நாங்கள் எல்லாம் பிள்ளை பெற்று வயல் வேலையும் பார்க்கவில்லையா” என்று அவர் சொல்லியிருக்கக்கூடும். அந்தத் தலைமுறைப் பெண்களின் முழங்காலையும் முதுகையும் நான் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கும் வலித்தது, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவரிடம் வாதம் வேண்டாம். அவர் உடம்புக்கு ஏற்ற, அவர்தான் தலைமை என்று தெரியும்படியான ஒரு பொறுப்பைக் கொடுங்கள். “அத்தை, ஆறு வாரம் நான் குனியக் கூடாதாம். பாப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டுவதும் மத்தியானம் தூங்க வைப்பதும் இனி உங்கள் பொறுப்பு. உங்களைவிட்டால் அவள் வேறு யாரிடமும் அடங்கமாட்டாள்.” குழந்தையை அவரும் தூக்க வேண்டாம், உட்கார்ந்து ஊட்டினால் போதும். அதோடு அவருடைய முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் ஒருமுறை உண்மையாகவே கேளுங்கள்.

உங்கள் உடம்பைப் பற்றி இந்த மூன்று வாரத்துக்குச் சில வார்த்தைகள். வலி தாங்கும் அளவுக்குத் தினமும் நடங்கள், இரண்டு அல்லது மூன்று தவணையாக. படுக்கையிலிருந்து எழும் முறையை இப்போதே பழகுங்கள். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே கட்டையாக உருளும்படி ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழ வேண்டும். அறுவைக்கு மறுநாள் புதிதாகக் கற்பதைவிட இன்று இருபது தடவை செய்து பழகியிருப்பது மேல். ரத்தத்தில் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்த்திருப்பார்கள். ரத்தசோகை நம் பெண்களிடம் மிகுதி, குறைவு என்றால் இந்த மூன்று வாரமே சரிசெய்யத் தொடங்கும் காலம். சாப்பிடும் எல்லா மருந்துகளையும், சித்த மருந்தோ கடையில் வாங்கிய வலி மாத்திரையோ எதுவானாலும், ஒரு தாளில் எழுதி மயக்க மருந்து மருத்துவரிடம் கொடுங்கள். ஆஸ்பிரின் போல ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எப்போது நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். வலி தாங்கவில்லை என்று இரண்டு வகை வலி மாத்திரைகளைச் சேர்த்து விழுங்காதீர்கள், வயிறும் சிறுநீரகமும் கெடும். நரம்பு வலிக்காகக் கொடுக்கும் பிரிகாபலின், காபாபென்டின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. காய்ச்சல், இருமல், சிறுநீர் எரிச்சல் வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மாதவிலக்கு அந்த நாளில் வரும் என்று தோன்றினால் அதையும் கூச்சப்படாமல் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அதற்காகத் தேதியை மாற்றமாட்டார்கள்.

இந்த மூன்று வாரத்துக்குள்ளேயே, பிறப்புறுப்பும் ஆசனவாயும் சுற்றிய பகுதி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போய்விடுவது, இரண்டு காலும் வலுவிழப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் குறித்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும், 108-ஐ அழையுங்கள். பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு நழுவத் தொடங்கினாலும் அன்றே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். எல்4-எல்5 ஜவ்வு வழக்கமாக நசுக்குவது எல்5 நரம்பு வேரை. கட்டைவிரலையும் பாதத்தையும் தூக்குவது அதன் வேலை. இந்த நான்கையும் உங்கள் கணவரும் தெரிந்துவைத்திருக்கட்டும்.

வீட்டை மாற்ற வேண்டியது அதிகமில்லை, ஆனால் முன்கூட்டியே செய்ய வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பவராக இருந்தால் கட்டில் வேண்டும். கட்டில் உயரம் நீங்கள் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும் அளவு. கழிப்பறை குந்தும் வகை என்றால், மேலே வைக்கும் கமோடு நாற்காலி மருந்துச் சாமான் கடைகளில் கிடைக்கும், வாடகைக்கும் தருவார்கள். சமையலறையில் தினம் எடுப்பவற்றை எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கீழ் அலமாரி அரிசி டிரம்மும் பரண்மேல் இருக்கும் பாத்திரமும் ஆறு வாரம் உங்கள் கைக்கு எட்டக் கூடாதவை. அரிவாள்மனை, விளக்குமாறு, துவைக்கும் கல், கோலம், இவையெல்லாம் குனிவதும் முறுக்குவதுமான வேலைகள். மார்கழியாக இருந்தாலும் கோலம் வேறு யாராவது போடட்டும். வீட்டு கேஸ் சிலிண்டரில் இருக்கும் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய 30. அதை நகர்த்துவது இனி எந்தக் காலத்திலும் உங்கள் வேலை இல்லை என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. முன் அனுமதி வாங்க நாள் பிடிக்கும் என்பதால், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

தாலி விஷயமும் பலர் கடைசி நிமிடத்தில் கலங்குகிற ஒன்று. அறுவை அரங்கில் ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் தீக்காயம் ஏற்படும் வாய்ப்பு உண்டு. அதனால் நகைகளைக் கழற்றச் சொல்வார்கள். பலர் முந்தைய நாள் வீட்டிலேயே விளக்கேற்றி, தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வருவார்கள். உங்கள் மாமியாரை வைத்தே அதைச் செய்யுங்கள். அரங்கு வாசலில் ஒரு செவிலியர் கழற்றச் சொல்லி நீங்கள் அழுவதைவிட அது எவ்வளவோ நிம்மதி. மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம், விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவிக்கு அவை இடைஞ்சல்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கள். சுய நினைவோடு இருக்கும் வயது வந்த ஒருவருக்குப் பதிலாக உறவினர் கொடுக்கும் ஒப்புதல் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. படித்துப் பார்த்து, புரியாததைக் கேட்டுக் கையெழுத்திடுங்கள். ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று தாளைக் கணவர் பக்கம் தள்ளிவிடாதீர்கள்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது? உண்மையை, அவர்கள் வயதுக்குத் தகுந்த அளவில். “அம்மா ஊருக்குப் போகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போன வீடுகளில், திரும்பி வந்த தாயின் முந்தானையைக் குழந்தை பல வாரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். நான்கு வயதுக்காரிக்கு மூன்று நாள் முன்பு சொன்னால் போதும். “அம்மாவின் முதுகை டாக்டர் சரிசெய்வார், இரண்டு மூன்று ராத்திரி பாட்டியோடு தூங்குவாய், அம்மா திரும்பி வருவேன், ஆனால் தூக்க முடியாது.” ஒன்பது வயது மகன் கேட்காமலே நிறைய யோசித்துக்கொண்டிருப்பான். என் மகன் என்னிடம் கேட்காமல் என் தங்கையிடம் ‘அம்மா செத்துப்போய்விடுவாளா’ என்று கேட்டான். அவனிடம் நான் ‘ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை’ என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் அவன் வேறு ஆளைத் தேடினான். உங்கள் மகனிடம் என்ன செய்யப் போகிறார்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்: ஒரு சிறு வெட்டு, நரம்பை அழுத்தும் துண்டை எடுப்பது, தையல். பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள். உங்களுக்கும் கொஞ்சம் பயம் உண்டு என்று சொன்னால் அவன் உடைந்துபோகமாட்டான். ஆனால் அவனைச் சின்னத் தாயாக மாற்றிவிடாதீர்கள். தங்கையின் காலணியை மாட்டிவிடுவது அவன் வேலையாக இருக்கலாம், தங்கையே அவன் வேலையாகக் கூடாது.

அறுவைக்குப் பிறகு என்ன எதிர்பார்க்கலாம் என்பதை வீட்டில் எல்லோரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் போவது கால்வலி. சிலருக்கு மயக்கம் தெளிந்த அன்றே போய்விடும். மரத்த உணர்வும் வலுக்குறைவும் மெதுவாகத்தான் மீளும், மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்குக் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். முதுகுவலி இந்த அறுவையின் இலக்கு அல்ல, அது முழுதாகப் போகும் என்ற உறுதி இல்லை. இதைச் சொல்லிவைக்காவிட்டால், இரண்டு மாதம் கழித்து முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ‘இவ்வளவு செலவு செய்தும்’ என்ற பேச்சு வரும்.

பெரும்பாலும் அன்றோ மறுநாளோ நடக்க வைத்துவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் நடப்பதும் படுப்பதும்தான் வாழ்க்கை. உட்காருவதை அரைமணிக்கு மேல் நீட்டாதீர்கள். இந்த இடத்தில்தான் நலம் விசாரிக்க வரும் உறவினர்கள் அறியாமல் தீங்கு செய்கிறார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அன்போடு வருவார்கள், நீங்கள் மரியாதைக்காகக் கூடத்தில் இரண்டு மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். அன்றிரவு வலி ஏறும். வருகிறவர்களை மாலை ஐந்து முதல் ஆறு வரை வரச் சொல்லும்படி கணவரிடம் சொல்லிவிடுங்கள். படுத்தபடியே பேசுங்கள். பெரியவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

பத்தியம் என்ற பெயரில் பருப்பு கூடாது, சீழ் பிடிக்கும், முட்டை கூடாது என்பார்கள். தையல் ஆறுவதற்கே புரதம் வேண்டும். பருப்பும் முட்டையும் மீனும் தாராளமாகச் சாப்பிடுங்கள். வலி மருந்துகளில் சில மலச்சிக்கலை உண்டாக்கும், முக்குவது முதுகுக்கு ஆகாது. கீரை, பழம், தண்ணீர், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மலமிளக்கி. தையல் பிரிக்கும் நாள் பத்து முதல் பதினான்கு நாளுக்குள் வரும். காய்ச்சல், புண்ணிலிருந்து நீர் வடிதல், கெண்டைக்கால் வீங்கி வலித்தல், புதிதாகக் கால் வலுவிழத்தல் என்றால் உடனே போங்கள். பல்லாங்குழிச் சாலையில் இரு சக்கர வாகனத்தின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போவது, மருத்துவர் அனுமதிக்கும்வரை வேண்டவே வேண்டாம். வீட்டிலிருந்து வெளியே போய்ச் சிகிச்சை பெற முடியாத நிலை வந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தாம்பத்தியம் பற்றி யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. எட்டு மாத வலியில் உங்கள் இருவருக்குள்ளும் ஒரு தூரம் வந்திருக்கலாம். வலிக்குப் பயந்து நீங்கள் விலக, தன்னை வெறுக்கிறாள் என்று அவர் எண்ணியிருக்கலாம். இது வலியால் வந்தது, வெறுப்பால் அல்ல என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தையல் ஆறி, நடப்பது எளிதான பிறகு, உங்கள் முதுகுக்குப் பாரம் வராத விதத்தில் மெல்லத் தொடங்கலாம். எத்தனை வாரம் என்பதை மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை.

மிகவும் கவனமாக இருக்க வேண்டியது மூன்றாவது வாரம். கால்வலி போய்விட்டது, தையல் பிரித்தாகிவிட்டது, எட்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். வீட்டில் உள்ளவர்களும் ‘சரியாகிவிட்டது’ என்று ஒவ்வொரு வேலையாகத் திருப்பித் தருவார்கள். நீங்களும் நன்றியுணர்ச்சியில் வாங்கிக்கொள்வீர்கள். முன்பு சொன்ன அதே நல்ல நாள்தான் இது, இன்னும் பெரிய வடிவில். உள்ளே ஜவ்வில் ஏற்பட்ட ஓட்டை அதற்குள் உறுதியாக மூடியிருக்காது. இந்த அறுவைக்குப் பிறகு 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்குவதுண்டு. எல்லாவற்றையும் நம்மால் தடுக்க முடியாது. ஆனால் மூன்றாவது வாரத்தில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி, நான்காவது வாரத்தில் என்னிடம் அழுதுகொண்டு வந்தவர்களை என்னால் மறக்க முடியவில்லை. அதனால் பொறுப்புகளைத் திருப்பி வாங்கும் தேதியை இப்போதே நாட்காட்டியில் குறியுங்கள். ஆறு வாரம் முடிந்து, மருத்துவர் பார்த்த பிறகு, வாரத்துக்கு ஒன்று. மகனின் மதிய உணவைத் திருப்பி வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசியாக உங்கள் மகள். நான்கு வயதுக் குழந்தை ஏறக்குறைய 16 கிலோ இருப்பாள். முதல் ஆறு வாரத்தில் உங்களுக்கு அனுமதி இரண்டு மூன்று கிலோவுக்குத்தான், அதன் பிறகும் மருத்துவர் சொன்னால்தான். அவள் தூக்கச் சொல்லும்போது உண்மையில் கேட்பது உங்கள் முகத்துக்கு அருகில் வருவதை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு முக்காலியைப் போடுங்கள். இன்றிரவே போடுங்கள், அறுவைக்குப் பிறகு அல்ல. அதில் ஏறி, கட்டிலில் ஏறி, உங்கள் முதுகுப் பக்கம் வராமல் முன்பக்கமாக வந்து படுத்துக்கொள்ள அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் ஒருக்களித்துப் படுத்திருங்கள், முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. நான்கைந்து நாள் அவள் முக்காலியில் நின்றுகொண்டே கையை நீட்டி அழக்கூடும். அப்போது எழுந்து தூக்கிவிடாதீர்கள். பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டுங்கள், ஏறி வந்துவிடுவாள்.